கறிவேப்பிலைச் செடி ஏன் டிசம்பரில் வாடுகிறது? சிங்கப்பூர் வீட்டுத் தோட்டத்துக்கு ஓராண்டு வழிகாட்டி

டிசம்பர் மாதம். வெளியே நாலு நாளாக விடாத மழை. தாழ்வாரத்தில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியின் இலைகள் மஞ்சளாகின்றன. ஒன்றிரண்டு கொட்டவும் தொடங்குகின்றன. "ஐயோ, தண்ணி பத்தலை போல" என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறீர்கள். பொங்கல் வருவதற்குள் தொட்டியில் குச்சி மட்டும்தான் மிச்சம்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததுண்டா? என் வீட்டில் நடந்திருக்கிறது. ஒன்றல்ல, மூன்று செடிகள் போயின. மூன்றாவது செடி போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தச் செடிகள் எதுவும் தாகத்தால் சாகவில்லை. நான் ஊற்றிய தண்ணீரில் மூழ்கித்தான் செத்தன.

"சிங்கப்பூரில் ஏது பருவம்? வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை" என்று சொல்வது நம்மில் பலருக்குப் பழக்கம். செடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கும் பருவங்கள் உண்டு. அவை குளிர், கோடை என்று வருவதில்லை; மழையாகவும் காற்றாகவும் வெயில் விழும் திசையாகவும் வருகின்றன. அதைத் தெரிந்துகொண்டால் செடி வளர்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

சிங்கப்பூரின் நான்கு காலங்கள்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. பகல் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். வெப்பநிலையும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது மழை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் அது எல்லா மாதங்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை.

• டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை: வடகிழக்குப் பருவக்காற்று. இதில் இரண்டு பாதிகள் உண்டு. டிசம்பர், ஜனவரி ஈரமான பாதி. பிப்ரவரி, மார்ச் தொடக்கம் வறண்ட பாதி.

• மார்ச் பிற்பகுதி முதல் மே வரை: பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். கடும் வெப்பம், பிற்பகலில் இடிமழை.

• ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவக்காற்று. விடியற்காலையில் திடீர்ப் புயற்காற்று, சில ஆண்டுகளில் புகைமூட்டம்.

• அக்டோபர், நவம்பர்: மறுபடியும் இடைப்பட்ட காலம். பிற்பகல் இடிமழை, நவம்பரில் மழை கூடும்.

டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிப்ரவரியில் கிடைப்பது சுமார் 105 மில்லிமீட்டர்தான். இரண்டே மாத இடைவெளியில் மழை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் நம்மில் பலர் இரண்டு மாதத்திலும் "தினமும் காலையில் ஒரு குவளை" என்று ஒரே மாதிரிதான் தண்ணீர் ஊற்றுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன்: வெயிலைப் பாருங்கள்

நர்சரியில் மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். ஆசையாக வாங்கி வருவோம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பூகூடப் பூக்காது. செடியில் குறை இருக்காது. அதற்கு வேண்டிய வெயில் நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் செடி வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். காலை 8, 10 மணி, பிற்பகல் 1, 3, 5 மணி என ஐந்து முறை தாழ்வாரத்தையோ பால்கனியையோ பாருங்கள். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் நேர் வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரில் சூரியன் நடுப்பகலில் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. மார்ச் பிற்பகுதியிலும் செப்டம்பர் பிற்பகுதியிலும் பகல் 1 மணியளவில் அது தலைக்கு நேர் மேலே இருக்கும். இடையில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும்.

இதனால் என்ன ஆகும்?

• வடக்குப் பார்த்த தாழ்வாரம்: ஜூன் மாதத்தில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கும். டிசம்பரில் நேர் வெயில் ஏறக்குறைய இருக்காது.

• தெற்குப் பார்த்த தாழ்வாரம்: இதற்கு நேர்மாறு. டிசம்பரில் வெயில் எட்டும், ஜூனில் நிழல்.

• கிழக்கு: ஆண்டு முழுவதும் காலை வெயில். பெரும்பாலான செடிகளுக்கு இதுதான் சுகமான இடம்.

• மேற்கு: பிற்பகல் வெயில். சூடு அதிகம். கறிவேப்பிலை, செம்பருத்தி, மிளகாய் தாங்கும். மென்மையான கீரை கருகும்.

ஜூனில் செழிப்பாக இருந்த துளசி டிசம்பரில் சோர்ந்துபோனால், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீடு வடக்குப் பார்த்ததா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் அந்த மாதங்களுக்கு மட்டும் தொட்டியை வீட்டின் வேறு சன்னல் பக்கம் மாற்றினால் செடி தேறிவிடும்.

எதிர் புளோக் உங்கள் வெயிலை மறைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரே புளோக்கில் 3வது மாடிக்கும் 12வது மாடிக்கும் கிடைக்கும் வெளிச்சம் வேறு.

எந்த வெளிச்சத்துக்கு எந்தச் செடி?

ஐந்து, ஆறு மணி நேரம் நேர் வெயில் கிடைத்தால்: கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, செம்பருத்தி, மருதாணி, மிளகாய், வெண்டை, கத்தரி. இவை வெயில் இல்லாமல் உயிரோடு இருக்கலாம்; பூக்கவோ காய்க்கவோ மாட்டா.

மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால்: புதினா, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி, கங்கோங், பாண்டான். புதினாவுக்குக் காலை வெயில் பிடிக்கும், பிற்பகல் வெயில் பிடிக்காது.

நேர் வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் உண்டு என்றால்: வெற்றிலைக் கொடி, மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, பெரணி வகைகள். வெற்றிலைக்கு நிழலும் ஈரக் காற்றும் பிடிக்கும். நம் ஊர்ப் பருவநிலை அதற்குச் சொந்த வீடு மாதிரி. ஏறுவதற்கு ஒரு குச்சியோ வலையோ கொடுத்தால் போதும்.

முதல் முறை வளர்ப்பவரா? பாண்டான், கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி மூன்றில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கற்பூரவல்லியும் பொன்னாங்கண்ணியும் ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே வேர் விடும். பக்கத்து வீட்டில் கேட்டால் பாண்டானில்கூட ஒரு கன்று பிரித்துக் கொடுப்பார்கள். செலவே இல்லை.

கொத்துமல்லியைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். இங்குள்ள சூட்டில் அது இலை விடுவதற்கு முன்பே பூக்கப் பார்க்கும். ஆசையாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில், கொஞ்சம் குளுமையான நாள்களில் முயன்று பாருங்கள்.

ஊருக்குப் போய்வரும்போது அங்கிருந்து ஒரு மல்லிகைக் கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? அப்படிச் செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உயிர்ச்செடி கொண்டுவரப் பொதுவாகத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் அந்த நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் தேவை. மண்ணோடும் வேரோடும் பூச்சியும் நோயும் சேர்ந்து வரும் என்பதுதான் காரணம். இங்குள்ள நர்சரிகளிலேயே மல்லிகை கிடைக்கிறது.

தொட்டியும் மண்ணும்: இங்கே சிக்கனம் பார்க்காதீங்க

வேர் தண்ணீர் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேர் மூச்சும் விடும். மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிலிருந்துதான் அது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் காற்றுக்கு இடமில்லை. வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. எனவே இலை வாடும், மஞ்சளாகும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாத செடி போலவே இருக்கும். நாமும் ஏமாந்து இன்னும் ஊற்றுவோம்.

இதைத் தடுக்க மூன்று காரியங்கள் செய்யலாம்.

• தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கடையில் வாங்கும் அழகுத் தொட்டிகள் சிலவற்றில் ஓட்டை அடைத்தே இருக்கும். குத்தித் திறந்துவிடுங்கள்.

• பூந்தொட்டி மண்ணை அப்படியே போடாமல், இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு பெர்லைட் அல்லது பருமணல் கலந்துகொள்ளுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

• சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். "எப்படியும் வளரத்தானே போகுது" என்று தோன்றும். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும். இப்போதைய தொட்டியைவிட இரண்டு விரற்கடை அகலம் கூடினால் போதும்.

டிசம்பர், ஜனவரி: குவளையைக் கீழே வையுங்கள்

தாழ்வாரச் செடி மீது மழை விழாமலும் இருக்கலாம். இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம், வெயில் குறைவு. செடி குடிக்கும் தண்ணீரும் குறைவு. மண் காய நாள் பிடிக்கும். சில நேரங்களில் மழை ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து பெய்யும்.

விரலை மண்ணுக்குள் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். இரண்டு நாள், மூன்று நாள் ஊற்றாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

இந்த மாதங்களில் காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் பார்த்த தாழ்வாரங்களில் சாரல் உள்ளே வரும். துளசி, கற்பூரவல்லி, கற்றாழை ஆகியவற்றைச் சுவரோரம் தள்ளி வையுங்கள். தொட்டிகளை நெருக்கி வைக்காமல் இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் பூஞ்சை பிடிக்கும். கறுப்பு, பழுப்புப் புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள். தொட்டியிலேயே விடாதீர்கள்.

உரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனையும் தொட்டிகளில் போடும் உரம் கரைந்து வடிகாலுக்குத்தான் போகும்.

கங்கோங்குக்கும் பாண்டானுக்கும் மட்டும் இது கொண்டாட்டக் காலம். ஈரம் எவ்வளவு இருந்தாலும் தாங்கும். கங்கோங் விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் அறுக்கலாம்.

பிப்ரவரி, மார்ச் தொடக்கம்: காற்று ஏமாற்றும்

சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் வானம் தெளிந்திருக்கும். காற்று சுகமாக வீசும். நமக்கு இதமாக இருக்கும் அந்தக் காற்றுதான் செடியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். உயரமான மாடிகளில் இது இன்னும் மோசம். டிசம்பரில் மூன்று நாளுக்கு ஒருமுறை கேட்ட அதே செடி இப்போது தினமும் கேட்கும். சின்னத் தொட்டி என்றால் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்கும்.

2014 பிப்ரவரி இதற்கு மறக்க முடியாத உதாரணம். வாரக்கணக்கில் மழையே இல்லை. தீவு முழுவதும் புல்வெளிகள் பழுப்பாகிப்போயின.

• காலையிலேயே ஊற்றுங்கள். அடி ஓட்டையில் தண்ணீர் வடியும் வரை நிதானமாக ஊற்ற வேண்டும். மேலாக நனைத்துவிட்டுப் போனால் வேர் மேலேயே நிற்கும்.

• மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் நார் பரப்புங்கள். ஈரம் காக்கும்.

• அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். உப்பு சேர்க்காததாக இருக்க வேண்டும்.

• மண் இறுகிப் போய் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடுகிறதா? தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்து எடுங்கள்.

காய்ந்த காலத்தில் செம்பேனும் மாவுப்பூச்சியும் பெருகும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் அது மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

மார்ச் பிற்பகுதி முதல் மே வரை: வளரும் காலம், வாட்டும் காலம்

ஆண்டின் மிகச் சூடான மாதங்கள் இவை. 2023 மே 13ஆம் தேதி ஆங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச வெப்பநிலைக்கு அது சமம்.

வெயிலும் பிற்பகல் மழையும் சேர்ந்து கிடைப்பதால் செடிகள் வேகமாக வளரும். விதை போடவும், பதியம் வைக்கவும், கிளை வெட்டவும் இது நல்ல சமயம்.

கறிவேப்பிலை: நுனிக் கொழுந்தைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடிக்கும். பூ மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், சக்தி இலைக்குப் போகும். சமையலுக்கு ஒவ்வோர் இலையாக உருவாமல் ஈர்க்கோடு ஒடித்தால் அதுவே கிளை வெட்டிய மாதிரி.

துளசி: கதிர் முற்றவிட்டால் செடி கட்டையாகி ஓய்ந்துவிடும். அடிக்கடி கிள்ளுங்கள். ஒன்றிரண்டு கதிரை மட்டும் விதைக்கு விட்டுவையுங்கள். துளசி சில ஆண்டுகளே வாழும் செடி. வயதான துளசி பட்டுப்போனால் வருத்தப்படாமல் அதன் விதையிலிருந்தே அடுத்ததை வளர்க்கலாம்.

மல்லிகை: புதுக் கிளையில்தான் பூக்கும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வெட்ட மனசு வராது. வெட்டினால்தான் பூ வரும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்பதைப் பார்க்கலாம். அவற்றில் பல, வண்ணத்துப்பூச்சியாகப் போகிறவை. செடி பெரிதாக இருந்தால் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கண்ணால் பார்ப்பார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: காற்றும் புகையும்

விடியற்காலையில் திடீரென்று கதவு படார் என்று அடித்துக்கொள்ளும். மேற்கிலிருந்து வரும் 'சுமத்ரா' புயற்காற்று அது. ஒன்றிரண்டு மணி நேரம் மழையோடு அடித்துவிட்டுப் போய்விடும். அதற்குள் உயரமான, மெல்லிய தொட்டிகள் சாய்ந்துவிடும். கனமான தொட்டிகளை ஓரத்திலும் இலேசானவற்றை உள்ளேயும் வையுங்கள். மேற்குப் பார்த்த வீடு என்றால் கொடிகளைக் கட்டிவையுங்கள்.

புகைமூட்டம் எல்லா ஆண்டும் வருவதில்லை. வரும்போது பலமாக வரும். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாள்களில் வெளிச்சம் மங்கும், இலை மேல் தூசு படியும். செடி குறைவாகத்தான் குடிக்கும், தண்ணீரைக் குறையுங்கள். புகை விலகியதும் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துவிடுங்கள். கீரையைச் சமைப்பதற்கு முன் நன்றாகக் கழுவுங்கள். காற்றின் தரம் மோசமாக இருக்கும் நாளில் தோட்ட வேலையைத் தள்ளிப்போடுங்கள். செடி காத்திருக்கும்.

அக்டோபர், நவம்பர்: மழைக்கு முன் ஆயத்தம்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது தொட்டிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் செடி பிழைக்குமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான் முடிவாகிறது.

• தொட்டியின் அடி ஓட்டை வேரால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் மண்ணை மாற்றுங்கள், அல்லது ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

• இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள்.

• காய்ந்த கிளைகளை வெட்டுங்கள்.

• மக்கிய உரம் ஒரு கைப்பிடி கொடுங்கள். அதோடு ஜனவரி முடியும்வரை போதும்.

• கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணியில் இரண்டு குச்சியை ஒடித்துத் தனியாக நட்டுவையுங்கள். தாய்ச்செடி போனாலும் வம்சம் இருக்கும்.

கொசு: இது உங்கள் வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை

2020ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி கண்டது. அதுவரை இல்லாத எண்ணிக்கை. 2022இலும் 32,000ஐத் தாண்டியது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலே போதும். முட்டை முழுக் கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம்தான். காய்ந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டித் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

தேசியச் சுற்றுப்புற அமைப்பு 'பிளாக்' என்ற பெயரில் ஐந்து வேலைகளைச் சொல்கிறது. அவற்றில் மூன்று நேரடியாகச் செடி வளர்ப்பவருக்கானவை: தொட்டியில் இறுகிய மண்ணை உடைத்துவிடுவது, தொட்டித் தட்டைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுவது, பூச்சாடித் தண்ணீரை மாற்றுவது. மற்ற இரண்டு, வாளிகளைக் கவிழ்த்து விளிம்பைத் துடைப்பதும் கூரை வடிகாலில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும்.

இறுகிய மண்ணில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே குளமாக நிற்கும். கொசுவுக்கு அதுவே போதும்.

• தட்டு இல்லாமல் வைக்க முடிந்தால் தட்டே வேண்டாம். அதுதான் ஆகச் சிறந்த வழி.

• தண்ணீர்க் குவளையில் வளரும் மணி பிளான்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றுங்கள். வேரையும் கழுவுங்கள். இல்லையென்றால் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

• புரோமீலியட் போன்று இலைக் கணுவில் தண்ணீர் பிடிக்கும் செடிகளை அடிக்கடி சாய்த்து வடியுங்கள்.

• விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? தட்டுகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செடியைப் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள். "நான் வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிவைத்துப் போவதுதான் ஆக மோசமான யோசனை.

வீட்டில் கொசு உற்பத்தி கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் உண்டு. ஆனால் அபராதத்தைவிடப் பெரிய விஷயம் வேறு. உங்கள் தட்டில் பிறக்கும் கொசு முதலில் கடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளையை, அல்லது பக்கத்து வீட்டுத் தாத்தாவை.

தாழ்வாரத்தில் எவ்வளவு இடம் எடுக்கலாம்?

பொதுத் தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும். இது தீப் பாதுகாப்பு விதி. தீ ஏற்படும்போது தூக்குப் படுக்கையோடு ஆள்கள் ஓட வேண்டிய வழி அது. ஓர் அளவுநாடாவை எடுத்து அளந்து பாருங்கள். செடி வளர வளர இலைகளும் வழியை அடைக்கும், அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

தாழ்வாரச் சுவரின் மேலோ, சன்னல் விளிம்பிலோ, குளிர்சாதனப் பெட்டி வைக்கும் மேடையிலோ தொட்டி வைக்கவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் சின்னத் தொட்டிகூட ஓர் உயிரை எடுத்துவிடும். தொட்டிகள் சுவரின் உட்புறம், தரையில் இருக்கட்டும். மாட்டும் தொட்டி வைக்க விரும்பினால் உங்கள் நகர மன்றத்திடம் முதலில் கேளுங்கள்.

அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தண்ணீர் வடிந்து அவர்கள் வாசல் நனைந்தால் சண்டை வரும். ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தால் சிநேகம் வரும்.

வீட்டில் இடமே இல்லையா?

தேசியப் பூங்காக் கழகத்தின் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டம் 2005இல் தொடங்கியது. உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் போய்ப் பேசுங்கள். பத்து ஆண்டுகளாக அதே மண்ணில் கை வைத்தவர்கள் சொல்லும் யோசனை எந்தக் காணொளியிலும் கிடைக்காது.

தனியாக ஒரு பாத்தி வேண்டும் என்றால், பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் கொண்ட வாடகைப் பாத்திகள் இருக்கின்றன. குத்தகைக் காலம் மூன்று ஆண்டு. விண்ணப்பிப்போர் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறது.

புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்தரையில் நீங்களாகவே வாழைக்கன்று நடுவது மட்டும் வேண்டாம். அது பொது இடம். அனுமதி இல்லாமல் நட்டால் அகற்றிவிடுவார்கள்.

அவசரத்துக்கு: இலை என்ன சொல்கிறது?

• இலை மஞ்சள், மண் ஈரம்: தண்ணீர் அதிகம். நிறுத்துங்கள்.

• இலை சுருண்டு மொறுமொறுப்பு, மண் காய்ச்சல்: தண்ணீர் போதவில்லை. நிதானமாக ஊற்றுங்கள்.

• இலை வாடுகிறது, மண் ஈரம், வேரில் துர்நாற்றம்: வேர் அழுகல். செடியை எடுத்து, கறுத்த வேரை வெட்டி, புது மண்ணில் வையுங்கள்.

• தண்டு நீண்டு மெலிந்து ஒரு பக்கம் சாய்கிறது: வெயில் போதவில்லை. இடம் மாற்றுங்கள்.

• இலை ஓரம் வெளுத்துக் கருகுகிறது: வெயில் அதிகம். கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள்.

• செழிப்பான இலை, பூ மட்டும் இல்லை: வெயில் குறைவு, அல்லது தழைச்சத்து உரம் அதிகம்.

என் வீட்டில் இப்போது இருப்பது நான்காவது கறிவேப்பிலைச் செடி. இரண்டு டிசம்பரைத் தாண்டிவிட்டது. பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தட்டை எடுத்துவிட்டேன். தினமும் காலையில் குவளையை எடுப்பதற்கு முன் விரலை மண்ணில் வைத்துப் பார்க்கிறேன். மழைக்காலத்தில் பல நாள் குவளை அப்படியே உள்ளே போய்விடுகிறது.

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் கதவைத் திறப்பதற்கு முன், உங்கள் தொட்டியையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.